எரிந்த காயிலைப் பிரித்துப் பார்த்த வாத்தியார்

ஐடிஐ எலக்ட்ரீஷியன் பாடத்திட்டத்தில் பயிற்றுநருக்கு என்ன தகுதி வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கிறது. மின் பொறியியலில் பட்டம் பெற்றவர் என்றால் அந்தத் துறையில் ஒரு வருட அனுபவம், டிப்ளமோ என்றால் இரண்டு வருடம், ஐடிஐ முடித்துத் தேசியத் தொழிற்சான்றிதழ் வைத்திருப்பவர் என்றால் மூன்று வருடம். கூடவே இன்னொரு விதியும் உண்டு. இரண்டு பயிற்றுநர்கள் இருக்கும் இடத்தில் ஒருவர் பட்டமோ டிப்ளமோ படித்தவராகவும், மற்றவர் ஐடிஐ வழியில் வந்தவராகவும் இருக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் பட்டறையையும் வகுப்பையும் கிட்ட இருந்து பார்த்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

நான் அதில் இரண்டாவது ஆள். பல்லடம் பக்கம், எரிந்த மோட்டாரின் கம்பிச்சுருளை (காயில்) புதிதாகக் கட்டிக் கொடுக்கும் ஒரு ரீவைண்டிங் கடையில் சில வருடங்கள் இருந்தேன். அப்புறம் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு வேலை. அதன்பிறகு சிஐடிஎஸ் என்கிற பயிற்றுநர் பயிற்சியை முடித்துவிட்டு வகுப்புக்கு வந்தேன். கூட இருப்பவர் பி.இ. படித்த மேடம். நாங்கள் இருவரும் ஒரே பிரிவை நடத்துகிறோம். அதனால், பாடம் நடத்துகிறவருக்கு அந்த வேலையில் நேரடி அனுபவம் வேண்டுமா என்கிற கேள்வி எங்களுக்குத் தினமும் கண்முன்னால் நடக்கிற விஷயம்.

என் பதில், வேண்டும் என்பதுதான். ஆனால் எந்த அனுபவம் என்று கேட்டால்தான் பேச்சு உருப்படியாகும். "பத்து வருடம் ஃபீல்டில் இருந்தவர்" என்று சொல்வதில் ஒன்றும் தெரியவில்லை. பத்து வருடமும் புதுக் கட்டடத்தில் பைப் பதித்து ஒயர் இழுத்தவர் இருக்கிறார். ஒரே மில்லில் ஒரே பேனலுக்கு முன்னால் நின்றவர் இருக்கிறார். ஒரு சாதனம் சரியாக ஓடும்போது எப்படி ஓடுகிறது என்பதைப் புத்தகமே நன்றாகச் சொல்லிவிடும். ஓடாதபோது ஏன் ஓடவில்லை என்பதைத்தான் புத்தகத்தால் முழுதாகச் சொல்ல முடியாது. ஓடாத ஒன்றின் முன்னால், அதன் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்த அனுபவம் வாத்தியாருக்கு இருக்க வேண்டும். மற்றதைப் படித்துக்கூட நடத்திவிடலாம்.

ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மும்முனை மோட்டாருக்கு வரும் மூன்று பேஸில் (முனையில்) ஒன்று போய்விட்டால் என்ன ஆகும் என்பது தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி. நின்றிருக்கும் மோட்டார் கிளம்பாது, உறுமும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தொடர்ந்து ஓடும், மற்ற பேஸ்களில் ஆம்பியர் ஏறும், காயில் எரியும். மாணவன் இதை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவான். ரீவைண்டிங் கடையில் இதே பாடம் எப்படி வருகிறது தெரியுமா? ஒரு விவசாயி 3 எச்.பி. மோனோபிளாக் பம்ப் மோட்டாரை வண்டியின் முன்னால் வைத்துக் கொண்டுவந்து இறக்குவார். "தம்பி, ராத்திரி கரண்டு வந்தப்ப உறுமுச்சுங்க, கொஞ்ச நேரத்துல வாடை வந்துருச்சுங்க" என்பார். மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஸ்டேட்டரைச் சுற்றி, அதாவது காயில் பதிந்திருக்கும் சுழலாத இரும்பைச் சுற்றி, இரண்டு பேஸ் காயில்கள் கரியாக இருக்கும். மூன்றாவது பேஸின் காயில்கள் வார்னிஷ் மினுமினுப்போடு நேற்றுப் போட்டது மாதிரி இருக்கும்.

கடை அண்ணன் அதைப் பார்த்ததும் சொல்வார்: "ஸ்டார் கனெக்‌ஷன். ஒரு பேஸ் இல்லாம நின்னுருக்கு." மூன்று பேஸ் காயில்களின் ஒரு நுனியை ஓரிடத்தில் சேர்த்துக் கட்டுவது ஸ்டார், மூன்றையும் முக்கோணமாகக் கோப்பது டெல்டா. அதே கோளாறு டெல்டா கனெக்‌ஷனில் வந்தால் படம் தலைகீழாக இருக்கும். ஒரு பேஸ் மட்டும் கருகியிருக்கும், மற்ற இரண்டும் நன்றாக இருக்கும். எல்லாக் காயிலும் சுற்றிலும் ஒரே அளவில் பழுப்பேறிக் கருகியிருந்தால் ஓவர்லோடு, அல்லது வோல்டேஜ் ரொம்ப நாளாகக் குறைவு. காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டில் ஒன்றின் வாயில் மட்டும் கருகி, இரும்பில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தால் ஸ்லாட் பேப்பர் கிழிந்து பாடிக்குக் கரண்டு போயிருக்கிறது. எரிந்த காயிலை இப்படிப் படிக்கத் தெரிந்தவருக்கு மோட்டார் எப்படிச் செத்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இதோடு முடியவில்லை. அடுத்து அண்ணன் விவசாயியிடம் கேட்பார்: "ஸ்டார்ட்டர்ல பிரிவெண்டர் இருக்குங்களா?" "அது சும்மா சும்மா நிறுத்துதுன்னு எடுத்துட்டோமுங்க" என்று பதில் வரும். ஒரு பேஸ் போய்விடுவதை சிங்கிள் பேஸிங் என்போம், அப்போது மோட்டாரை நிறுத்திவிடும் கருவிதான் பிரிவெண்டர். வேலையின் முக்கியமான இடம் இதுதான். காயிலை மட்டும் கட்டிக் கொடுத்தால் மோட்டார் மறுபடியும் கடைக்கே வரும். பிரிவெண்டரைத் திரும்ப மாட்டச் சொல்லி, ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பிளேட்டில் இருக்கும் ஆம்பியருக்கு வைக்கச் சொல்லி அனுப்பினால்தான் வேலை முடிந்தது. புத்தகத்தில் சிங்கிள் பேஸிங் பிரிவெண்டர் தனி அத்தியாயத்தில் இருக்கிறது, மோட்டார் கோளாறு இன்னொரு அத்தியாயத்தில், வைண்டிங் மூன்றாவது அத்தியாயத்தில். மூன்றையும் ஒரே மோட்டாரில் சேர்த்துப் பார்த்தவர்தான் மூன்றையும் சேர்த்து நடத்துவார்.

எங்கள் பட்டறையில் எரிந்த ஸ்டேட்டர்களை வரிசையாக மேஜைமேல் வைத்திருக்கிறேன். கடைகளில் இரும்பு விலைக்குப் போடுவதைக் கேட்டு வாங்கியவை. சிங்கிள் பேஸிங் பாடம் வரும் நாளில் கரும்பலகைக்குப் போவதற்கு முன்னால் பையன்களை அந்த மேஜையைச் சுற்றி நிறுத்திவிடுவேன். எது எரிந்திருக்கிறது, எது எரியவில்லை, எத்தனை காயில் விட்டு எத்தனை காயில் என்று எண்ணச் சொல்வேன். எண்ணி முடித்ததும் ஏன் என்று அவர்களே கேட்பார்கள். அதன் பிறகு ஸ்டார், டெல்டா வரைந்து மின்னோட்டம் போகும் வழியைக் காட்டினால் மண்டையில் ஏறிவிடுகிறது.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இன்னொரு விஷயம் உண்டு. பாடப்புத்தகத்தில் மும்முனை மின்சாரம் என்றால் எப்போதும் மூன்று முனையும் இருக்கும். கிராமத்து விவசாய லைனில் மும்முனை எல்லா நேரமும் வந்ததில்லை, மீதி நேரம் இருமுனை. அந்த நேரத்திலும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதால் கண்டென்சர் போட்டு மும்முனை மோட்டாரை இரண்டு பேஸில் ஓட்டுவார்கள். மூன்றாவது முனைக்குக் கண்டென்சர் வழியாகக் கட்டம் தள்ளிய மின்னோட்டம் கிடைக்கும், மோட்டார் ஓடும். ஆனால் மூன்று காயிலிலும் ஆம்பியர் சமமாக இருக்காது. சூடு ஏறும், ஆயுள் குறையும். தோட்டத்துப் பையன் இதை வீட்டில் தினமும் பார்த்து வளர்ந்தவன். வகுப்பில் வந்து "சார், எங்க மோட்டார் ரெண்டு பேஸ்லயே ஓடுதே" என்று கேட்பான். இதைப் பார்த்தே இராதவர் "அப்படியெல்லாம் ஓடாது" என்று சொல்லிவிட்டால், அன்றோடு அந்தப் பையன் வாத்தியாரையும் புத்தகத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, தன் கண்ணை இன்னொரு பக்கம் வைத்துவிடுவான். பார்த்தவர் என்றால், ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய் மூன்று ஒயரிலும் ஆம்பியர் பார்த்து எழுதிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்புவார். கூடவே, கண்டென்சரை டிஸ்சார்ஜ் பண்ணாமல் கை வைக்காதே என்றும் சொல்வார். அவன் எழுதிக்கொண்டு வரும் மூன்று எண்களை வைத்தே அன்றைய பாடத்தை நடத்திவிடலாம்.

வீட்டு வயரிங்கிலும் இதே கதைதான். டெஸ்டர் பேஸில் எரியும், நியூட்ரலில் எரியாது என்று முதல் மாதமே சொல்லிக் கொடுக்கிறோம். பிறகு ஒரு நாள் பையன் ஒரு வீட்டுக்குப் போகிறான். எதுவும் வேலை செய்யவில்லை, டெஸ்டரோ பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது. படித்ததெல்லாம் பொய்யோ என்று குழம்பி நிற்பான். நியூட்ரல் எங்கோ பின்னால் அறுந்திருக்கிறது. ஆன் செய்து விட்டிருக்கும் ஏதோ ஒரு லைட் அல்லது ஃபேன் வழியாகப் பேஸ் வந்து நியூட்ரல் ஒயரில் நிற்கிறது. எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக் போட்டதையெல்லாம் உருவிவிட்டுப் பார்த்தால் அந்த ஓட்டையில் டெஸ்டர் எரியாது. இந்த ஒரு சோதனையை ஒருமுறை பட்டறையில் செய்து காட்டினால் போதும். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் மெயின் நியூட்ரல் கழன்றால் லோடு குறைவாக இருக்கும் பேஸில் வோல்டேஜ் 230ஐத் தாண்டி 400ஐ நோக்கி ஏறும், டிவியும் ஃபிரிட்ஜும் புகையும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். கோளாறைப் பார்க்கப் போனவர் அந்த நேரத்தில் மெயினை அணைக்காமல் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் மீதி இருக்கிற பொருளும் போய்விடும்.

சரி, அப்படியானால் கடையில் இருந்தவரையெல்லாம் வகுப்பில் நிறுத்திவிடலாமா? அதுவும் முடியாது. இதைக் கூட இருக்கும் மேடத்திடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் ஸ்லாட்டில் காயில் இறக்குவதைப் பையன்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஸ்லாட் பேப்பரை வைத்து, கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, மூங்கில் குச்சியை அடித்து மூடுவது வரை சொல்லிக்கொண்டே செய்தேன். மேடம் பின்னால் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்: "சார், ஒவ்வொரு முறையும் கம்பியை உள்ளே விடுவதற்கு முன்னாடி கட்டைவிரலால இழுத்துத் தடவுறீங்களே, அது எதுக்கு?" எனாமல் எங்காவது உரிந்திருக்கிறதா என்று விரல் பார்க்கிறது. அதேபோல் ஸ்லாட் பேப்பர் இரண்டு ஓரமும் ஒரே அளவு வெளியே நீண்டிருக்கிறதா என்று காயிலை இறக்கும்போதே சுண்டுவிரல் தொட்டுப் பார்க்கிறது. நான் வாயால் சொன்னதில் இது எதுவும் இல்லை. பழைய காயிலை வெட்டுவதற்கு முன் டேட்டா எடுப்பதைப் பற்றி, அதாவது எத்தனை ஸ்லாட், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், பிட்ச் எவ்வளவு என்று எழுதிக்கொள்வதைப் பற்றி, விரிவாகச் சொல்லியிருந்தேன். அது எனக்குப் படிப்பாக வந்தது, அதனால் சொல்ல வந்தது. விரலுக்குப் பழக்கமாக வந்தது வாய்க்கு வரவே இல்லை.

அந்த நோட்டு இன்றும் பட்டறையில் இருக்கிறது. மேடம் எழுதிய வரிசைப்படிதான் இப்போது இருவரும் வைண்டிங் நடத்துகிறோம். பையன்கள் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தவருக்கு எது வெளிச்சமோ அது தெரியாதவருக்கு எங்கே இருட்டு என்று பார்ப்பது தனித் திறமை. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் இதைத்தான் தனி அறிவாகப் பிரித்துச் சொன்னார். பாடம் தெரிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று, இந்தப் பாடத்தை இந்த மாணவனுக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று தெரிவது மூன்றாவது. பயிற்றுநர் பயிற்சியில் இதைப் படிக்கும்போது தேர்வுக்குரிய விஷயமாகத் தெரிந்தது. மேடத்தின் நோட்டைப் பார்த்த பிறகுதான் அதன் அர்த்தம் விளங்கியது.

இதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அனுபவம் கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே கொடுக்கும். லைனில் கரண்டு இருக்கும்போதே கை வைப்பது, ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகக் காப்பர் இழையை முறுக்கி மாட்டுவது, எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்திவிட்டுப் போவது, எல்லாம் "அனுபவசாலிகள்" செய்வதுதான். வெளியே வேலை பழகப் போன பையன் ஒருவன் திரும்பி வந்து, மழைக்காலத்தில் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆனால் அதை விட்டுவிட்டு நேராகக் கொடுத்துவிட வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள் என்றான். அந்த ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கட் ஆகும்படி வைத்திருப்பது மனித உயிருக்காக. ஈரச் சுவரில் குழந்தை கை வைத்தால் அதுதான் காப்பாற்றும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணுவதைத் தொழில் நுணுக்கம் மாதிரி வகுப்பில் சொல்பவர் எத்தனை வருட அனுபவம் உள்ளவராக இருந்தாலும் வகுப்பில் நிற்கக் கூடாது.

ஆனால் "பைபாஸ் பண்ணாதே" என்று மட்டும் சொன்னால் பையன் கேட்கமாட்டான். அங்கே வீட்டுக்காரர் கரண்டு வேண்டும் என்று நிற்கிறார், இவனுக்குக் கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, பைபாஸ்தான் கைக்கு எட்டுகிறது. கண்டுபிடிக்கும் வழியைக் கொடுத்தால்தான் அவன் ஒழுங்காக வேலை செய்வான். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் இருக்கும் எம்சிபி சுவிட்சுகளையெல்லாம் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும், எதைப் போடும்போது ட்ரிப் ஆகிறதோ அந்த சர்க்யூட்டில் பிரச்சினை. இதை எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், சில வீடுகளில் எல்லா எம்சிபியும் அணைந்திருக்கும்போதே ஆர்சிசிபி ட்ரிப் ஆகும். காரணம், ஒற்றை போல் எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டுகிறது. ஏதோ ஒரு வெளிச்சுவர் லைட்டில் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தால், எம்சிபி அணைந்திருந்தாலும் அந்தத் தொடர்பு அப்படியேதான் இருக்கும். அப்போது மெயினை அணைத்து, நியூட்ரல் லிங்க்கில் இருந்து நியூட்ரல் ஒயர்களைக் கழற்றி, ஒவ்வொன்றாக எர்த்துக்கு மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். அந்த லைனில் மாட்டியிருக்கும் சாதனங்களையெல்லாம் முதலில் உருவிவிட வேண்டும், இல்லையென்றால் மெக்கரின் 500 வோல்ட் அவற்றின் போர்டைக் கெடுத்துவிடும். மழையில் நனைந்து வீடு வீடாக ஏறி இறங்கியவருக்கு இது தெரியும். வகுப்புக்கு வர வேண்டிய அனுபவம் இதுதான்.

மற்ற துறைகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் மருத்துவம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே சரியாக வைத்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் கூடவே மருத்துவமனை இருக்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் வார்டுதான் வகுப்பு. காலையில் நோயாளியைப் பார்த்த மருத்துவரே மாணவனுக்கும் சொல்லிக் கொடுக்கிறார். சட்டத்தில் நிலைமை வேறு. முழுநேரச் சம்பளத்தில் இருக்கும் பேராசிரியர் வழக்காட முடியாது. வழக்கறிஞராக இருப்பவர் 1979ஆம் வருட விதிகளின்படி ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம். அந்தக் கதவாவது திறந்திருக்கிறது. பொறியியலிலும் கலைக் கல்லூரிகளிலும் அந்தக் கதவு வெகுகாலம் அவ்வளவு அகலமாக இல்லை. 2022இல்தான் பல்கலைக்கழக மானியக் குழு, துறையில் குறைந்தது 15 வருட அனுபவம் உள்ளவர்களை, பட்டம் கட்டாயமில்லாமல், அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதம் வரை நியமிக்கலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. நல்ல முடிவு. அப்படி வருகிறவர் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக ஒரு ஆசிரியர் நின்றால்தான் அதில் முழுப் பலன் கிடைக்கும்.

வரலாறு நடத்துகிறவர் சோழர் காலத்தில் வாழ்ந்திருக்க முடியாதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் கேட்பதும் அதுவல்ல. அவர் ஒரு கல்வெட்டின் முன்னால் உட்கார்ந்து தேய்ந்த எழுத்தைக் கூட்டிப் படிக்க முயன்றிருக்கிறாரா, எழுத்தின்மேல் தாளை ஒற்றி மசியால் மசிப்படி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. ஒரு எழுத்து சிதைந்திருப்பதால் ஒரு அரசனின் ஆட்சியாண்டே மாறிப்போகலாம் என்பதைத் தன் கண்ணால் பார்த்த ஆசிரியர், வருடங்களை ஒப்பிக்கச் சொல்வதோடு நிறுத்த மாட்டார். வரலாற்றாசிரியரின் வேலையில் எது தகராறு பண்ணும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் மோட்டார் மாதிரிதான் இதுவும்.

இன்னொரு விஷயம், அனுபவம் பழையதாகிவிடும். ரீவைண்டிங் கடையில் கற்றது எனக்கு மோட்டாருக்கு இன்றும் பயன்படுகிறது. ஃபேனுக்குப் பாதிதான். பழைய சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதலில் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரை மாற்று என்போம். புதிதாக வரும் பிஎல்டிசி ஃபேனில் அந்தக் கண்டென்சரே இல்லை, பெரும்பாலும் கோளாறு எலக்ட்ரானிக் போர்டில். சோலாரில் ஆபத்து இன்னும் அதிகம். 2024 பிப்ரவரியில் வீட்டு மாடி சோலாருக்கான பிஎம் சூர்ய கர் திட்டம் வந்த பிறகு எங்கள் பையன்கள் நிறையப் பேர் மொட்டை மாடி வேலைக்குப் போகிறார்கள். ஒரு பேனல் திறந்த நிலையில் 40 முதல் 50 வோல்ட் தரும். பத்துப் பேனலை வரிசையாகக் கோத்தால் 400 முதல் 500 வோல்ட் ஆகிவிடும், அதுவும் டிசி. ஏசி நொடிக்கு 100 முறை சுழிக்கு வந்து போவதால் சுவிட்ச் திறக்கும்போது வரும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். டிசியில் அது அணையாது, இழுத்துக்கொண்டே எரியும். ஏசிக்கு உள்ள எம்சிபியை டிசி பக்கம் மாட்டினால் அது உருகிப் பற்றிக்கொள்ளக்கூடும். இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கனெக்டரை உருவவே கூடாது. மெயினை அணைத்துவிட்டோம் என்று மாடியில் கை வைக்க முடியாது, வெயில் இருக்கும்வரை பேனலில் கரண்டு இருக்கும். இதையெல்லாம் இருபது வருட ஏசி அனுபவம் சொல்லித் தராது. அந்த அனுபவமே தைரியம் கொடுத்து ஆபத்தில் விடவும் கூடும்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தொழில் 4.0 மையங்கள் அமைத்திருக்கிறார்கள். ரோபோவும் புது இயந்திரங்களும் வந்துவிட்டன. அவற்றை இயக்கக் கற்றுக்கொண்டு வருவது தேவைதான். ஆனால் அவை நின்றுபோனால் எப்படிப் பார்ப்பது என்பதை, அவற்றை வைத்துத் தினமும் உற்பத்தி நடக்கும் இடத்தில் சில வாரம் நின்றால்தான் பயிற்றுநர் தெரிந்துகொள்வார். அதற்கு நிர்வாகம் பணிக்கால விடுப்பு கொடுக்க வேண்டும். விடுமுறையில் சொந்தச் செலவில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவது சரியில்லை.

நாங்கள் இருவரும் பட்டறையில் செய்து பார்த்து, பலன் இருக்கிறது என்று உறுதியானவற்றை இங்கே எழுதிவிடுகிறேன். நல்ல நிலையில் இருக்கும் வயரிங் போர்டுகளோடு, வேண்டுமென்றே கோளாறு வைத்த போர்டு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறோம். நியூட்ரல் அறுந்தது, நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்தது, இற்றுப்போன கண்டென்சர், உள்ளே விட்டுப்போன ஹோல்டர் ஒயர் என்று மேடம் மாற்றி மாற்றி வைப்பார். அதற்கு வரும் சப்ளை ஆர்சிசிபி வழியாகத்தான் வரும், எங்களில் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் ஆன் செய்ய மாட்டோம். இரண்டு பையன்கள் சேர்ந்து செய்ய வேண்டும். ஒருவன் வீட்டுக்காரன், மற்றவன் எலக்ட்ரீஷியன். டெஸ்டரை எடுப்பதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன் கேள்வி கேட்க வேண்டும். எப்போதிருந்து, மழை பெய்ததா, புதிதாக ஏதாவது மாட்டினீர்களா, ஒரு ரூமில் மட்டுமா? முதல் சில வாரம் எல்லாரும் நேராக டெஸ்டரைத்தான் எடுப்பார்கள். போகப்போகக் கேள்வியிலேயே பாதிக் கோளாறைப் பிடித்துவிடுவார்கள்.

படித்து முடித்துப் போன மாணவர்கள் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார்கள். வீட்டுக்காரர் யார் என்று தெரியாத மாதிரி எடுத்து, என்ன புகார் என்று மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் காலை வகுப்பில் அதைக் காட்டிக் காரணம் கேட்பேன். அனுப்பியவன் என்ன கண்டுபிடித்தான் என்பதைக் கடைசியில்தான் சொல்வோம். கடைசியாகச் சோலார் வேலை பார்த்தது எப்போது என்று என்னைக் கேட்டால் சொல்லும்படியாக எதுவும் இல்லை, ஆனால் சோலார் வேலையில் இருக்கும் பையன்கள் வழியாக அது வகுப்புக்குள் வந்துகொண்டே இருக்கிறது.

வெளியில் இருந்து மூத்த தொழிலாளியைக் கூப்பிட்டால் பேசச் சொல்லாதீர்கள். நாற்பது வருடம் வேலை பார்த்தவரை மைக் முன்னால் நிறுத்தினால், உழைத்தால் முன்னேறலாம் என்பதோடு முடித்துவிடுவார். கெட்டுப்போன ஒரு ஸ்டார்ட்டரை அவர் கையில் கொடுத்து, பார்ப்பதையும் நினைப்பதையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே சரிபண்ணச் சொல்லுங்கள். எங்கே அமைதியாகிவிடுகிறாரோ அங்கே ஆசிரியர் கேட்க வேண்டும்: "அண்ணே, இப்ப என்ன பார்த்தீங்க?"

கல்லூரியில் இருந்து நேராக வகுப்புக்கு வந்த இளம் பயிற்றுநர்கள் என்னிடம் கேட்பது, எங்கே போய்க் கற்றுக்கொள்வது என்பதுதான். பெரிய தொழிற்சாலைக்குப் போகாதீர்கள், ரிப்பேர் கடைக்குப் போங்கள். தொழிற்சாலையில் ஒரு மாதத்தில் ஓரிரு கோளாறு பார்த்தால் அதிகம், அதையும் வேறு யாராவது சரிபண்ணுவார்கள். ரிப்பேர் கடையில் காலையில் கதவைத் திறக்கும்போதே கோளாறு வாசலில் வந்து நிற்கும். எங்கள் பக்கம் மார்ச் முதல் மே வரை மோட்டார் கடைகளில் வேலை குவியும், அப்போது கூட ஒரு ஆள் என்றால் எந்தக் கடைக்காரரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஐப்பசி மழையில் வீட்டு வயரிங் புகார்கள் அதிகம், அப்போது வயரிங் வேலை எடுப்பவரோடு போகலாம். பழைய காயிலை உருவும் வேலையைத்தான் முதலில் கொடுப்பார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். எது எப்படி எரிந்தது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: வந்தவர் சொன்ன புகார் அவர் வாய்மொழியிலேயே, கடைக்காரர் முதலில் சந்தேகப்பட்டது, கடைசியில் கிடைத்த காரணம். கடைக்காரர் வேலையாக இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், டீ வரும்போது கேளுங்கள். மதியச் சாப்பாட்டையும் கையோடு கட்டிக்கொண்டு போய்விடுங்கள். தோட்டத்துக்காரர்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.